சேகரித்தவர்: நான்

இந்தக் கட்டுரையில் அவருடைய பெயர் இருக்காது. அவர் கட்டிய பாட்டும் இருக்காது. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததையெல்லாம் எடுத்து ஊர் பார்க்கப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு திரிந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. அந்தக் காலத்து என்னை இப்போது நேரில் கண்டால் பிடரியில் ஒன்று போடுவேன்.

எழுதுவதற்கு முன் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். இப்போது மகளோடு வேறு ஊரில் இருக்கிறார். நான் யார், எதற்குக் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். பிறகு, "எழுதிக்க. என் பேரு வேணாம். பாட்டுல ஒரு வார்த்த வரக்கூடாது. மெட்டு குடுத்தவங்க பேர மட்டும் போடு, அது நான் கேட்டு வாங்கினது. ஒன் புத்தியையும் சேத்து எழுது" என்றார். வைத்துவிட்டார். சொன்னபடியே எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கும் தலவாக்கலைக்கும் நடுவில். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், எங்கள் காம்பராவுக்கு மூன்றாவது காம்பரா அவருடையது. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கொழுந்தெடுப்பவர். ஆள் ஒல்லி, குரல் கனம். அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல இருக்கிறது, மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வரும். யாருடைய பொருளையும் கேட்காமல் தொடமாட்டார். தொடுகிறவர்களைச் சும்மா விடவும் மாட்டார்.

மலையில் கொழுந்தெடுக்கும்போது ஆளுக்கொரு நெரை, அதாவது ஒரு செடிவரிசை, பிரித்துக் கொடுப்பார்கள். அடுத்தவர் நெரையில் கை வைத்தால் அன்றைக்கு மலை இரண்டுபடும். ஒருநாள் பனி மூடி எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. அக்கா தெரியாமல் பக்கத்து நெரையில் நாலு செடி எடுத்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை. மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில், தன் கூடையிலிருந்து இரண்டு கை நிறைய அள்ளி அந்தப் பெண்ணின் கூடையில் போட்டார்.

வேலையை மேற்பார்க்கிற கங்காணி சிரித்தார். "என்னா புள்ள, கொழுந்து கூடிப்போச்சா ஒனக்கு?"

"இல்ல கங்காணி. இவ நெரையில தெரியாம கை வச்சிட்டேன். அவளுது அவளுக்கு."

"அந்தப் பனியில எவன் பாத்தான்?"

"நான் பாத்தேன்ல?"

இதைக் கேட்டால் பெரிய உத்தமி என்று தோன்றும். பக்கத்தில் குடியிருந்து பார்த்தால்தான் தெரியும் தொல்லை. எங்கம்மா ஒரு வெள்ளிக்கிழமை கோயில் பூசைக்கென்று கடைசிக் காம்பராக்காரர்களின் செவ்வந்தியை விடியக்காலையில் பறித்துவிட்டார். அக்கா தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு வந்து நின்றுகொண்டார்.

"யாரக் கேட்டுப் பறிச்சீங்க?"

"சாமிக்குத்தானே பறிச்சேன்."

"சாமி வந்து கேட்டுச்சா? இல்ல நீங்க போயிக் கேட்டீங்களா? வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு? கேட்டுட்டு எடுத்தா கை தேஞ்சா போயிரும்?"

அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. லயத்து இளசுகள் அவருக்கு 'கேட்டுட்டு' என்றே பெயர் வைத்திருந்தோம். "டேய், கேட்டுட்டு வருதுடா" என்று சொல்லிக்கொண்டு கிரிக்கெட் மட்டையை ஒளித்து வைப்போம். அது கோயில் வேலியில் பிடுங்கிய பலகை.

ஆனால் ஒன்று. கேட்டால் இல்லையென்று சொன்னதே கிடையாது. நல்ல மழையில் அடுத்த காம்பராக்காரி ஆஸ்பத்திரிக்குப் போகக் குடை கேட்டாள். இருந்த ஒரு குடையைக் கொடுத்துவிட்டுத் தலையில் கொங்காணியை இழுத்து மூடிக்கொண்டு மலைக்குப் போனார். சாயங்காலம் தெப்பமாக நனைந்து வந்தவரிடம் எங்கம்மாவே, "ஒனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டார். "அவ கேட்டாள்ல" என்றார் அக்கா. அவருக்கு அவ்வளவுதான் கணக்கு.

பாட்டு விஷயத்தில் இது இன்னும் மோசம். மலையில் பெண்கள் பாடுவது புதிதில்லை. அக்கா சொந்தமாகக் கட்டிப் பாடுவார். அடுத்தவர் கட்டியதைப் பாடினால் முதலில் யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "இது கீழ்லயத்து மூக்காயி மக கட்டினது", "இதுல ரெண்டாவது அடி மட்டும் எங்க சின்னம்மாவுது." பாட்டு கேட்க வந்தவர்களுக்கு அலுத்துப்போகும். "பாடேன்டி, யாரு கட்டினா என்னா" என்பார்கள். "யாரு கட்டினா என்னாவா? ஒன் புள்ளைய யாரு பெத்தா என்னான்னு கேப்பியா?" என்று திருப்பிக் கேட்பார்.

அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பன்னிரண்டு வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் லயத்துக்கு ஒரு பிள்ளையாவது அப்படிப் போனது. தரகர் ஒருவர் வருவார், பிள்ளை போகும், தீபாவளிக்கு வரும், வராது. இவள் எட்டு மாதத்தில் பெட்டியில் வந்தாள். காய்ச்சல் என்றார்கள். கையில் சூட்டுத் தழும்பு இருந்தது. அக்காவின் அப்பா பொலிஸுக்குப் போனார். "ஆதாரம் இருக்கா?" என்று சிங்களத்தில் கேட்டார்கள். தழும்பைச் சொன்னார். அடுப்பில் சுட்டுக்கொண்டிருப்பாள் என்றார்கள். அதோடு முடிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அன்றைக்கும் வயிறாரச் சாப்பிட்டிருப்பார்கள்.

அந்தத் தங்கச்சிக்குத்தான் அக்கா பாட்டுக் கட்டினார். சொல் வந்துவிட்டது, மெட்டு வரவில்லை. மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேற்பிரிவில், சித்தாயி என்று ஒரு வயசான அம்மா தாலாட்டு ஒன்று பாடுவார். அந்த மெட்டுத்தான் அக்காவின் காதில் நின்றது. வேறு யாராவது என்றால் எடுத்துப் பாடிவிட்டுப் போயிருப்பார்கள். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் வெற்றிலைக் கட்டோடு மேலே ஏறினார். அங்கே நடந்ததை அவரே சொல்லி நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம்.

"மெட்டா? அது எங்காத்தா பாடினதுடி. அதையா கேக்க வந்த, இந்த மழையில?" என்றாராம் சித்தாயி.

"குடுக்கிறேன்னு வாயால சொல்லுங்க."

"எடுத்துக்க போ."

"பாட்டுல ஒங்க பேரச் சொல்லவா?"

சித்தாயி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாராம். "என் பேரையா? காலையில வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல கூப்பிட்டதோட சரி. வேற எவன் கூப்பிட்டான் என்னைய? சொல்லுடி, நல்லாச் சத்தமாச் சொல்லு" என்றாராம்.

அப்படித்தான் அந்தப் பாட்டின் கடைசி அடியில் சித்தாயி பெயர் வந்தது. பக்கத்திலேயே அக்காவின் பெயரும் வரும். மலையில் முதல்முறை அவர் அதைப் பாடியபோது கைகள் நின்றுவிட்டன. கங்காணி பக்கத்தில்தான் நின்றார். எடுங்க எடுங்க என்று ஒரு வார்த்தை அதட்டவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஹட்டனில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதலில் வாங்கியது ஒரு டேப் ரெக்கோடர். அந்தப் பாட்டைப் பதியவேண்டும் என்று ஆசை. அக்காவிடம் போய்க் கேட்டேன். ஆமாம், அன்றைக்குக் கேட்டேன். அந்தப் புத்தி அன்றைக்கு இருந்தது.

"யாரு கேக்குறதுக்கு?" என்றார்.

"நான் மட்டும் கேக்குறதுக்குத்தாங்கக்கா."

"வேற யாருக்கும் குடுக்கணும்னா என்கிட்ட வந்து கேக்கணும். கடைசி அடிய வெட்டக் கூடாது. சரியா? சரின்னு சொல்லு, அந்தப் பெட்டியிலயும் விழட்டும்."

"சரிங்கக்கா" என்றேன். கேசட்டின் தொடக்கத்தில் அது இருக்கிறது. என் குரல்தான், தெளிவாகவே இருக்கும்.

ஏழெட்டு வருடம் போனது. நான் வேலை பார்த்த கடை, காசு கொடுத்துத் தொலைபேசி பேசுகிற கொமினிகேஷன் ஆனது. இரண்டு கொம்பியூட்டர் வந்தது. யுனிகோட் எழுத்தில் தமிழ் தட்டத் தெரிந்தவன் என்று எனக்குப் பெரிய தலைக்கனம். ஒரு வலைப்பூ தொடங்கினேன். மலையகம் என்றால் உலகத்துக்குத் தெரியவேண்டும் என்று வீறாப்பு. இரண்டு வாரத்தில் எழுதுவதற்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. கேசட்டை எடுத்தேன்.

பாட்டைத் தட்டினேன். மேலே 'மலையக நாட்டார் பாடல்' என்று தலைப்புப் போட்டேன். நாட்டார் பாடல் என்றால் ஒரு மதிப்பு. யாரோ, எப்போதோ, எங்கேயோ கட்டியது என்றால் படிக்கிறவர்களுக்கு ஒரு சிலிர்ப்பு. உயிரோடு லயத்தில் இருந்துகொண்டு தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை போடுகிற பெண்பிள்ளை கட்டினது என்றால் அந்தச் சிலிர்ப்பு வருமா? கடைசி அடியை வெட்டினேன். சித்தாயியை யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். பாட்டின் அழகைக் கெடுக்கிறது என்றும் நினைத்தேன். என்னவோ அழகு எனக்குத்தான் தெரிந்தமாதிரி! கீழே 'சேகரித்தவர்' என்று போட்டு என் முழுப்பெயரை முதலெழுத்தோடு எழுதினேன். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே பெயர் அதுதான்.

பின்னூட்டங்கள் வந்தன. "அரிய பணி", "எங்கிருந்து கண்டெடுத்தீர்கள்?", "கண் கலங்கியது நண்பரே." ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து நன்றி நன்றி என்று பதில் எழுதினேன். அந்த நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போவேன். அக்காவின் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிப்பேன். அவரைக் கேட்காததற்கு, பஸ்ஸில் போகவேண்டும், நேரமில்லை, தொலைபேசி இல்லை என்றெல்லாம் சொல்ல எனக்கு வாயில்லை. அவர் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அப்போதெல்லாம் இணையத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்று சிலர் எனக்காகச் சமாதானம் சொல்வார்கள். சொல்லாதீர்கள். எல்லோரும் செய்தார்கள் என்றால் எல்லோருமே திருடினார்கள், அவ்வளவுதான்.

அக்காவின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. நான் அங்கே இல்லை. மகள் பின்னால் சொன்னதைச் சொல்கிறேன். பிள்ளைகள் மேடையேறினார்கள். யார் கட்டினதென்று தெரியாத பழைய பாட்டு என்று அறிவித்தார்கள். அக்கா காகிதத்தில் சுற்றிய கடலைச் சரையைப் பிரித்துக்கொண்டு முன்வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாராம். முதல் அடியிலேயே சரை மடியில் கொட்டிவிட்டது. தன் தங்கச்சியின் சாவை, ஆர்மோனியத்தோடு, வேறொரு மெட்டில், பத்துப் பிள்ளைகள் புன்சிரிப்போடு தலையாட்டிப் பாடுகிறார்கள். கடைசி அடி வரும் என்று காத்திருந்தார். கைதட்டல்தான் வந்தது.

விழா முடிந்ததும் சங்கீத டீச்சரிடம் போனார். டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர், பிள்ளைகள்மேல் பிரியமானவர்.

"டீச்சர், இந்தப் பாட்டு எங்கருந்து எடுத்தீங்க?"

"இன்ரநெற்றில இருந்து எடுத்தனான் அம்மா. நல்லாயிருந்ததோ?"

"கடைசி அடியக் காணோமே. மெட்டும் இது இல்லீங்களே."

"மெட்டு நான் போட்டது. ஆனா இதில வேற அடி ஒண்டும் இல்லையே."

அக்கா அங்கேயே, கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில், கடைசி அடியை மெதுவாகப் பாடிக் காட்டினார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார்.

"அது நீங்கள் பிழையாப் பாடமாக்கி வைச்சிருக்கிறியள் போல கிடக்கு. இப்பிடிப் பாட்டுகளில ஆக்கள் தங்கட பேரையும் சேர்த்துப் பாடுறது வழமைதானே. இஞ்ச, இதை வைச்சிருங்கோ. சரியான பாட்டு இதில இருக்கு."

நான் தட்டிய பக்கத்தின் அச்சுத்தாளை அவர் கையில் கொடுத்தார். டீச்சரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் படித்ததைச் சொன்னார். அவர் படித்ததை எழுதியவன் நான்.

மறுநாள் அக்கா வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸேறி ஹட்டனுக்கு வந்தார். கடையில் இரண்டுபேர் தொலைபேசிக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் பேசி முடித்துப் போகும்வரை வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து தாளை என் மேசையில் விரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது யாரு பேரு?"

"என்னோடதுங்கக்கா."

"நீ கட்டினியா?"

"இல்லக்கா. சேகரித்தவர்னுதான் போட்டிருக்கேன்."

"சேகரிச்சியா? எங்க கெடந்துச்சு? ரோட்டுலயா கெடந்துச்சு? எந் தங்கச்சி ரோட்டுலயாடா கெடந்தா?"

அதுவரை என்னைத் தம்பி என்று தவிர வேறு எதுவும் அவர் சொன்னதில்லை. அந்த 'டா' எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தை அழித்தேன். "போச்சா?" என்றார். என்னுடையது போய்விட்டது, ஆனால் எடுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தேடிக் காட்டினேன். திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தது. ஒருவர் என் பெயரையும் எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டிருந்தார். எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "பாத்தீங்களாக்கா, என் பேரையே தூக்கிட்டான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். செருப்பால் அடித்திருக்கலாம்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுது" என்றார். ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம், அவர் சொல்ல நான் தட்டினேன். "ஐயா, இது எந் தங்கச்சிக்கு நான் கட்டினது. மெட்டு மேல்கணக்கு சித்தாயியோடது. ஒங்களுக்குத் தெரியாம நடந்திருக்கும். ஒங்க மேல கோவமில்ல. எடுத்துருங்க." அவருக்கு யார் மேல் கோபம் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். பதில்களை வாசித்துக் காட்டினேன். ஒருவர் மட்டும் மன்னிப்புக் கேட்டு நீக்கியிருந்தார். "அந்தப் புள்ள நல்லாருக்கட்டும்" என்றார். இன்னொருவர், நாட்டார் பாடல் மக்கள் சொத்து, தனியாள் உரிமை கொண்டாடுவது முறையில்லை என்று நீளமாக எழுதியிருந்தார். மூன்றாமவர் ஒரே வரி: அந்தப் பெண்தான் கட்டினார் என்பதற்கு ஆதாரம் உண்டா? மற்றவர்கள் பதிலே போடவில்லை.

"ஆதாரமா?" என்றார் அக்கா. "அவ செத்ததுக்கும் இதான கேட்டானுங்க."

நான் அவசரமாகச் சொன்னேன். கேசட் இருக்கிறது, அதில் நம் இரண்டுபேர் பேச்சும் இருக்கிறது, அதை அனுப்பினால் யாரும் மறுக்க முடியாது என்று. அவர் அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அவள அனுப்பும்போது தரகன் அவளக் கேக்கல. எங்கப்பா கேக்கல. நானும் கேக்கல தம்பி. வட்டகொடையில வண்டியேத்தி விட்டது நாந்தான். சன்னல் வழியா என்னையே பாத்துகிட்டு இருந்தா. போறியாடின்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேட்டா மாட்டேன்னுருவான்னு தெரியும். அதான் கேக்கல."

எனக்கு நிமிர முடியவில்லை. எதையாவது செய்து சரிக்கட்டிவிடவேண்டும் என்று எனக்கு ஒரு பதைப்பு. "ஒங்க பேரோட, சித்தாயி பேரோட, கடைசி அடியையும் சேத்துத் திருப்பிப் போடவாக்கா? இனிமே யாரும் மறுக்க மாட்டாங்க" என்றேன்.

"இப்பக் கேக்குறியா?"

"ஆமாக்கா."

"வேணாம்."

"இல்லக்கா, பேரோட போட்டா எல்லாருக்கும்..."

"கேட்டேல்ல? வேணாம்னு சொல்லிட்டேன்ல? அப்புறம் என்னா? வேணாம்னா விட்டுரணும். அதுக்குத்தானே கேக்குறது. எந் தங்கச்சிக்கு எவன்கிட்டயும் போயி ஆதாரம் காட்டிகிட்டு நிக்க மாட்டேன்."

எழுந்தார். கேசட் எங்கே என்றார். மேசை லாச்சியைத் திறந்து எடுத்து மேலே வைத்தேன். மேலே ஒட்டியிருந்த தாளில் அவர் பெயரும் சித்தாயி பெயரும் என் பழைய கையெழுத்தில் ஒழுங்காக எழுதியிருந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையை நீட்டி எடுக்கப் போனவர், தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"கேசட்டு நீ வாங்கினது. நான் கொண்டு போகட்டுமா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் எடுக்கவில்லை. கை மேசைக்கு மேலேயே நின்றது.

"வாயத் தொறந்து சொல்லு."

"கொண்டு போங்கக்கா" என்றேன்.